திமிங்கலத்தின் மூதாதை தரையில் நடந்ததா? டைனோசருக்குப் பிறகு வந்த பாலூட்டிகள் பற்றி

மணப்பாட்டுக்காரன்

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற கேள்வி, இன்று என் மகள் கிளப்பிவிட்டாள், அதனால் எழுதுகிறேன்.

2016 ஜனவரியில் எங்கள் கரையில் சிறு துடுப்புத் திமிங்கலங்கள் 80க்கும் மேல் ஒதுங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்லாமொழியில் இருந்து மணப்பாடு வரைக்கும் கரை முழுக்கக் கிடந்தன. ராத்திரியெல்லாம் நாங்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துக் கடலுக்குள் விட்டோம், விட்டதில் பாதி திரும்பவும் கரைக்கே வந்தன. ஒன்றின் பக்கத்தில் நான் அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தலைமேல் உள்ள துளை வழியாக மூச்சு வாங்கியது. அது மூச்சு விடுகிற சத்தம் வயதான மனிதர் பெருமூச்சு விடுவது போலவே இருந்தது, இன்னும் காதில் நிற்கிறது. மீனைப் பிடித்து வளர்ந்தவன் நான், மீன் சாவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் அன்று பார்த்தது மீன் இல்லை என்பது உடம்புக்கே தெரிந்தது.

இப்போது மகள் ஏழாம் வகுப்பு. டைனோசர் அழிந்த பிறகுதான் பாலூட்டிகள் பெருகின என்று படித்துவிட்டு வந்து, "அப்போ திமிங்கலம் எதுல இருந்துப்பா வந்தது? மூச்சுக்கு மேல வரவேண்டிய ஒண்ணு ஏன் கடலுக்குள்ள போச்சு?" என்று கேட்கிறாள். தரையில் நடந்த ஏதோ ஒன்று கடலுக்குள் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது உண்மையா, எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நல்லது.

பாறைவாசி

நல்ல கேள்வி நண்பரே. நான் நிலவியல் படித்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். டைனோசர் அழிந்த பிறகு பாலூட்டிகள் "வந்தன" என்பது சரியில்லை. அவை ஏற்கெனவே இருந்தன, 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே டைனோசர்களின் காலடியிலேயே வாழ்ந்தன. பெரும்பாலும் எலி, மூஞ்சூறு அளவு. நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது, தெலங்கானாவில் நஸ்கல் என்ற ஊரில், தக்காண எரிமலைக் குழம்புப் படிவங்களுக்கு நடுவே சிக்கிய மண்ணில் டெக்கனோலெஸ்டிஸ் என்ற சின்னஞ்சிறு பாலூட்டியின் பற்களைப் பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் கண்டுபிடித்து 1988இல் அறிவித்தார்கள். டைனோசர் காலம் முடிகிற தறுவாயில் இந்தியாவில் ஓடித் திரிந்த உயிர் அது.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் விழுந்தது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தப்பித்த பாலூட்டிகளில் பெரியதே அரைக்கிலோ தேறும் என்கிறார்கள். ஆனால் அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. அமெரிக்காவின் கொலராடோவில் கோரல் பிளஃப்ஸ் என்ற இடத்தில் டைலர் லைசன் குழுவினர் உருண்டைக் கற்களை உடைத்து உடைத்து வரிசையாக மண்டை ஓடுகளை எடுத்தார்கள், 2019இல் வெளியிட்டார்கள். பேரழிவு நடந்து 1 லட்சம் ஆண்டில் 6 கிலோ, 3 லட்சம் ஆண்டில் 25 கிலோ, 7 லட்சம் ஆண்டில் 50 கிலோவை எட்டுகின்றன. காடும் கூடவே மாறுகிறது. முதலில் வெறும் பெரணி, பிறகு பனை வகைகள், பிறகு வால்நட் குடும்பம், 7 லட்சம் ஆண்டுக் கட்டத்தில் அவரை குடும்பத்துக் காய்கள். சாப்பாடு சத்தாக ஆக ஆக உடம்பும் பெருத்தது என்பது அவர்கள் கணிப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உடம்பு வளர்ந்த வேகத்துக்கு மூளை வளரவில்லை. அந்த முதல் 1 கோடி ஆண்டில் உடம்போடு ஒப்பிட்டால் மூளை சிறுத்துத்தான் இருந்தது என்று 2022இல் மண்டை ஓடுகளை ஸ்கேன் செய்து காட்டினார்கள். காலியாகக் கிடந்த உலகத்தில் முதலில் தேவைப்பட்டது உடம்புதான் போல.

திமிங்கலம் இதற்கு அடுத்த கட்டம், இயோசீன் என்று நாங்கள் சொல்கிற, சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தைய காலம். சாயங்காலம் எழுதுகிறேன்.

யானைநேசன்

பாலூட்டி பெருத்தது என்றால் பலுசித்தீரியத்தைச் சொல்லாமல் விடலாமா! கொம்பில்லாத காண்டாமிருகம், பாகிஸ்தானின் புக்தி மலையில் கிடைத்தது, 30 டன் எடை, நம் யானையைப் போல ஆறு மடங்கு. தரையில் நடந்ததிலேயே பெரிய பாலூட்டி அதுதான்.

முத்துலெட்சுமி டீச்சர்

யானைநேசன் தம்பி, அந்த 30 டன் பழைய கணக்கு. 1990களில் கால் எலும்புகளையும் பற்களையும் திரும்ப அளந்து பார்த்து, அதிகபட்சம் 15 முதல் 20 டன்தான் இருக்கும் என்று குறைத்துவிட்டார்கள். இப்போது அதைப் பாராசெரத்தீரியம் என்றே சொல்கிறோம், பெயரில் அதுதான் மூத்தது. தோள் உயரம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதுவே எங்கள் பள்ளி மாடி ஜன்னலை எட்டும். அப்புறம் "மிகப் பெரியது" என்பதிலும் போட்டி இருக்கிறது. நர்மதைப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த நேர்தந்த யானை ஒன்று 22 டன் இருந்திருக்கலாம் என்று 2016இல் ஒரு கணக்கு வந்தது, ஆனால் அது ஒரு உடைந்த தொடை எலும்பை வைத்துச் செய்த கணக்கு. பிள்ளைகளிடம் சொல்லும்போது அந்த "இருந்திருக்கலாம்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வேல்முருகன்84

மன்னிக்கவும், என் சந்தேகமே இதுதான். ஒரு தொடை எலும்பு, நாலு பல், உடனே முழு விலங்கையும் வரைந்து மயிர், நிறம் எல்லாம் கொடுத்து விடுகிறார்கள். 30 டன் என்றார்கள், பிறகு 15 என்கிறார்கள். திமிங்கலக் கதையும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு மண்டை ஓட்டை வைத்துக்கொண்டு இதுதான் திமிங்கலத்தின் பாட்டன் என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் மதவாதம் பேச வரவில்லை, இயந்திரப் பொறியாளன், ஆதாரம் கேட்பது என் பழக்கம். நான்கு கால் விலங்கு தண்ணீருக்குள் போய் 30 மீட்டர் நீலத் திமிங்கலம் ஆனது என்றால் நடுவில் உள்ள படிகளைக் காட்டுங்கள்.

பாறைவாசி

வேல்முருகன், உங்கள் சந்தேகம் நியாயமானது. எவ்வளவு நியாயமானது என்றால், நீங்கள் சொன்ன தவறு அச்சு அசலாக ஒரு தடவை நடந்தே இருக்கிறது.

பாகிஸ்தானின் கோஹாட் பகுதியில் கிடைத்த மண்டை ஓட்டுத் துண்டை வைத்து பிலிப் ஜிங்கரிச் குழுவினர் 1981இல் பாகிசீட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட 5 கோடி ஆண்டுப் பழமை. உடம்பு கிடைக்கவில்லை. ஆனால் 1983இல் ஒரு பெரிய அறிவியல் இதழின் அட்டையில், துடுப்புக் கையோடு மீனைத் துரத்தி நீந்துகிற மாதிரி அதன் படம் வந்தது. பல வருடம் கழித்து மற்ற எலும்புகள் கிடைத்து 2001இல் ஹான்ஸ் தெவிசன் குழு வெளியிட்டபோது பார்த்தால், அது ஓநாய் அளவில், நீண்ட மெலிந்த நாலு காலோடு தரையில் நடக்கிற விலங்கு! துடுப்பெல்லாம் வரைந்தவர் கற்பனை.

அதனால் நீங்கள் கேட்பது சரி. ஆனால் இதையும் பாருங்கள். படம்தான் தவறாகப் போனது, மண்டை ஓட்டை வைத்து "இது திமிங்கலக் குடும்பம்" என்று சொன்ன முடிவு தவறவில்லை, 2001இல் கிடைத்த எலும்புகள் அதை இன்னும் உறுதிதான் செய்தன. காரணம் காது. திமிங்கலம், ஓங்கல் (டால்பின்) எல்லாவற்றுக்கும் நடுக்காதை மூடியிருக்கிற கிண்ணம் போன்ற எலும்பின் உட்புறச் சுவர் மட்டும் தடித்துக் கனத்துக் கிடக்கும், உதடு தடித்த மாதிரி. இன்று உயிரோடிருக்கிற வேறெந்தப் பாலூட்டிக்கும் அது இல்லை. பாகிசீட்டஸுக்கு இருந்தது. பொறியாளர் என்கிறீர்கள், ஒரு இயந்திரத்தின் ஒரே ஒரு பாகத்தைப் பார்த்து எந்தத் தொழிற்சாலையின் வேலை என்று சொல்லிவிடக்கூடிய பாகம் ஒன்றிரண்டு இருக்கும் அல்லவா, அந்த மாதிரி.

இப்போது நான் இந்த இழைக்கு வந்ததே எதற்கென்றால் அடுத்து வரும் கதைக்காக. எங்கே திமிங்கலக் கதை பேசினாலும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

ரங்கா ராவ் என்று ஒரு இந்திய நிலவியலாளர். ஜம்மு காஷ்மீரில் ரஜௌரி பக்கம் காலாகோட் என்ற இடத்தில் பாறை பாறையாகச் சேகரித்தார். அதில் கிடைத்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 1971இல் இந்தோஹையஸ் என்று ஒரு சிறு குளம்பு விலங்குக்குப் பெயர் வைத்தார். அதாவது இந்தியப் பன்றி என்று பொருள். அதோடு சரி, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் சேர்த்த பாறைகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமல் பெட்டியிலேயே இருந்தது. அவர் காலமான பிறகும் அவர் மனைவி டேராடூனில் அந்தக் கற்களை வீசிவிடாமல் வைத்திருந்தார். கல் மூட்டை வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தால் நம்மில் எத்தனை பேர் வைத்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். பிற்பாடு அவர் அவற்றைத் தெவிசனிடம் ஒப்படைத்தார். தெவிசனின் ஆய்வகத்தில் பாறையைச் சுரண்டி எலும்பை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது, கை தவறி ஒரு மண்டை ஓட்டின் காது எலும்பு உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் பார்த்தால் உட்சுவர் தடித்திருந்தது. நான் மேலே சொன்ன அதே தடிப்பு. திமிங்கலத்துக்கு மட்டுமே உள்ளது என்று நினைத்திருந்த ஒன்று, பூனையைவிடச் சற்றுப் பெரிய, மான் மாதிரிக் குளம்புள்ள ஒரு சிறு விலங்கின் காதில்!

2007 டிசம்பரில் அது வெளியானது. கால் எலும்புகளை வெட்டிப் பார்த்தார்கள், மேலோடு மிகத் தடிப்பு, உள்ளே பொந்து குறைவு. நீர்யானைக்கு இருப்பது போல, தண்ணீருக்கு அடியில் மிதந்துவிடாமல் நடக்க உதவுகிற பாரம். பல் எனாமலில் உள்ள ஆக்சிஜன் அணு வகைகளின் விகிதமும் அது நிறைய நேரம் தண்ணீரில் இருந்ததைக் காட்டியது. ஆனால் பல்லில் உள்ள கார்பன் கணக்கைப் பார்த்தால் அது தரைச் செடிகளைத் தின்றிருக்கலாம் என்று தெரிந்தது. அப்படியானால் தண்ணீருக்குள் எதற்குப் போனது? பெரும்பாலும் ஒளிந்துகொள்ள. ஆப்பிரிக்காவில் இன்றும் ஒரு வகைச் சருகுமான், தலைக்கு மேலே கழுகு வந்தால் ஓடையில் பாய்ந்து அடியில் நடந்து போய்விடுகிறது.

மணப்பாட்டு நண்பரே, உங்கள் மகள் கேட்ட "ஏன் கடலுக்குள்ள போச்சு" என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான். இரை தேடி அல்ல, பயந்து போனது. மீன் தின்னப் பழகியது பிறகு.

வேல்முருகன்84

விரிவான பதிலுக்கு நன்றி, அந்தக் காது எலும்பு விஷயம் எனக்குப் புதிது. ஆனால் இப்போதுதான் தேடிப் பார்த்தேன், ஒரு இடம் உதைக்கிறது. இந்தோஹையஸ் கிடைத்த பாறை 4 கோடியே 80 லட்சம் ஆண்டு. பாகிசீட்டஸ் 5 கோடி. பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறந்தாரா?

முத்துலெட்சுமி டீச்சர்

தம்பி, கேள்வி கூர்மையாக இருக்கிறது, என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். இந்தோஹையஸ் தாத்தா இல்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை, செய்திகளில்தான் அப்படி வந்தது. தாத்தாவின் தம்பி வழிப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டுப் போன குடும்பம் எப்படியெப்படியோ மாறிவிட்டது, ஊரிலேயே இருந்த பங்காளி வீட்டில் மட்டும் பழைய முகச்சாயல் அப்படியே நிற்கிறது. அந்தப் பங்காளியைப் பார்த்தால் பொதுப் பாட்டன் எப்படி இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். வயதில் அவர் இளையவராக இருப்பதில் தப்பொன்றும் இல்லை.

நான் படித்த காலத்தில் திமிங்கலத்தின் மூதாதை என்று ஓநாய் போன்ற, குளம்பு வைத்த ஊன் உண்ணி ஒன்றைச் சொல்வார்கள், மீசோனிக்கிட் என்று. 1966இல் வான் வேலன் முன்வைத்த கருத்து. பல் ஒற்றுமையை வைத்துச் சொன்னது, அந்தக் காலத்துக்கு நல்ல ஊகம்தான். பிறகு 1990களில் மரபணு ஒப்பிட்டவர்கள் வந்து, திமிங்கலத்துக்கு நெருங்கிய உறவு நீர்யானை என்றார்கள். எலும்பு பார்ப்பவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2001இல்தான் வழக்கு முடிந்தது, அதுவும் எலும்பாலேயே. பலுசிஸ்தானில் ஜிங்கரிச் குழுவுக்குப் பழைய திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு கிடைத்தது. இரட்டைக் குளம்பு உள்ள ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம், நீர்யானை எல்லாவற்றுக்கும் கணுக்காலில் ஒரு எலும்பு உண்டு, மேலேயும் கீழேயும் கிணற்றுக் கப்பி மாதிரி வழவழவென்று பள்ளம் இருக்கும். இரண்டு பக்கமும் கப்பி உள்ள கணுக்கால் அந்தக் கூட்டத்துக்கு மட்டுமே உரியது. திமிங்கலத்துக்கும் அதுவே! மரபணுக்காரர்கள் சொன்னதும் எலும்பு சொன்னதும் ஒன்றாகிவிட்டது. ஜிங்கரிச் தன் பழைய கருத்தை விட்டுக்கொடுத்தார். இருபது வருடம் தாங்கிப் பிடித்த ஒன்றை ஒரு சிறு எலும்பைப் பார்த்து விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. பிள்ளைகளிடம் இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

செந்தூரன்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இழையை இரவு முழுக்க இருந்து வாசித்தேன், மிக்க நன்றி எல்லோருக்கும்.

பாறைவாசி அண்ணா சொன்ன சருகுமான் விஷயத்துக்கு ஒன்று சேர்க்க வேணும். எங்கட மலைநாட்டிலும் கீரி துரத்திக்கொண்டு வர, சருகுமான் ஒன்று குளத்துக்குள் பாய்ந்து மூழ்கி மூழ்கி எழும்பியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கினம். ஆகவே அந்தப் பழக்கம் ஆப்பிரிக்காவில் மட்டும் இல்லை. 5 கோடி வருசத்துக்கு முந்தைய பயம் இன்னும் அந்தக் குடும்பத்தில் இருக்கிறது போலத்தான் எனக்குப் படுகுது.

இன்னொன்று, இது திமிங்கலம் இல்லை, மன்னிக்கவும், ஆனால் பெட்டியில் இருந்த கல்லின் கதையைக் கேட்டபோது இரத்தினபுரி நினைவு வந்தது. மாணிக்கக்கல் குழிகளில் "இல்லம்" என்று சொல்லும் சரளை மண்படை வரும், கல் இருப்பது அதில்தான். அதைக் கூடையில் அரித்துக் கழுவும்போது நீலக்கல்லோடு சேர்ந்து எலும்பும் பல்லும் வரும். நீர்யானைப் பல், காண்டாமிருகப் பல், சிங்கத்தின் பல்! இன்றைக்கு இலங்கையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. தெரணியகலை என்ற அறிஞர் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பெயர் வைத்தார். சிங்கத்துக்கு 1939இல் பெயர் வைத்தது ஓரிரு பற்களைக் கொண்டுதான். பனியுகத்தில் கடல் இன்றையதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது, பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது, நடந்தே வந்திருக்கும். கல் அரிப்பவருக்கு எலும்பால் காசு இல்லை. எத்தனை பல் கழிவு மண்ணோடு திரும்பக் குழிக்குள் போயிருக்கும் என்று யோசிக்க எனக்கு நெஞ்சு பதைக்குது.

யானைநேசன்

30 டன் தப்புதான், திருத்திக்கொண்டேன் டீச்சர். சிவாலிக் பக்கம் போகிறவர்கள் இமாச்சலத்தில் சாகேதி என்ற ஊரில் உள்ள புதைபடிவப் பூங்காவைப் பாருங்கள், 1974இல் தொடங்கியது. பழைய யானை, நீர்யானை எல்லாம் முழு உருவத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவே அந்த ஸ்டெகோடான் யானையின் தந்தத்தைப் பார்த்தபோது நான் வாயடைத்து நின்றுவிட்டேன்.

மணப்பாட்டுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் "பயந்து போனதுதாம்மா" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம். அன்று கரையில் கிடந்த திமிங்கலங்கள் வாலை மேலும் கீழுமாக அடித்தன. ஓங்கலும் அப்படித்தான், படகுக்கு முன்னால் ஓடும்போது எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். மீன் எல்லாம் இடம் வலமாகத்தான் அடிக்கும், சுறாவும் அப்படியே. இது ஏன்? இரண்டாவது, ஆவுளியா. பாக் விரிகுடாப் பக்கம் உறவுக்காரர்கள் கடல்பசுவை அப்படித்தான் சொல்வார்கள். அதுவும் மூச்சுக்கு மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். அதுவும் திமிங்கலத்துக்குச் சொந்தமா?

பாறைவாசி

நண்பரே, புத்தகத்தைத் தொடாமலே நீங்கள் முக்கியமான ஆதாரத்தைப் பிடித்துவிட்டீர்கள். அந்த வால்தான்.

மீனின் முதுகெலும்பு இடவலமாக வளையும். அதிலிருந்து வந்த பல்லி, முதலையும் அப்படியே நெளிந்து நடக்கும். பாலூட்டி ஓடும்போது கவனியுங்கள், நாய் வேகமெடுத்தால் முதுகு வில் மாதிரி மேலே வளைந்து கீழே நிமிரும். கால்கள் உடம்புக்கு நேர் கீழே வந்ததால் வந்த பழக்கம் அது. திமிங்கலம் கடலுக்குள் போனபோது அந்த முதுகையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. கால் போய்விட்டது, ஓட்டம் போகவில்லை. நீங்கள் படகில் நின்று பார்த்தது ஒரு நாலுகால் பாய்ச்சலைத்தான்.

வேல்முருகன் படிகளைக் கேட்டார், இப்போது வரிசையாகச் சொன்னால் புரியும். பாகிசீட்டஸ் நன்னீர் ஓடைகளில் நின்றது. அதே பாகிஸ்தானில் காலா சிட்டா மலையில் 1994இல் அறிவிக்கப்பட்ட ஆம்புலோசீட்டஸ், பெயரே நடக்கும் திமிங்கலம், முதலை மாதிரிக் கழிமுகத்தில் பதுங்கியது, பெரிய பின்பாதங்களால் தண்ணீரைத் தள்ளியது. குஜராத்தின் கட்ச்சில் கிடைத்த கட்ச்சிசீட்டஸ், சுனில் பாஜ்பாயும் தெவிசனும் 2000இல் பெயரிட்டது, நீர்நாய் போலக் குட்டைக் கால், நீண்ட வால். கடைசியில் பாசிலோசாரஸ். அது 15 மீட்டருக்கு மேல், முழுக் கடல்வாசி, ஆனாலும் தொடை, முழங்கால், விரல் எல்லாம் உள்ள குட்டிப் பின்னங்கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடக்க உதவாது. 1834இல் அதற்கு முதலில் பெயர் வைத்தவர் ஊர்வன என்று நினைத்து "அரசப் பல்லி" என்று வைத்துவிட்டார், தவறு தெரிந்த பிறகும் விதிப்படி பெயரை மாற்ற முடியவில்லை. எகிப்துப் பாலைவனத்தில் வாடி அல் ஹிதான் என்ற பள்ளத்தாக்கில் மணல் நடுவே அதன் எலும்புகள் நீளநீளமாகக் கிடக்கின்றன, 2005இல் யுனெஸ்கோ உலக மரபிடம் ஆக்கியது. ஓடைக்கரையில் இருந்து அங்கே வரைக்கும் எடுத்த காலம் ஏறத்தாழ 1 கோடி ஆண்டு.

கட்ச்சுக்கு நான் மாணவனாக ஒரு தடவை போயிருக்கிறேன். ஹருடி கிராமத்தைச் சுற்றி வறண்ட பொட்டல். குனிந்தால் காலடியில் காசு காசாகச் சிதறிக் கிடக்கும், நுமுலைட் என்கிற பழைய கடலுயிரின் ஓடு, பார்ப்பதற்கு நாலணாக் காசேதான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் கடல்! இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவில் முட்டிக்கொண்டிருந்த காலம் அது, நடுவே இருந்த டெதிஸ் கடல் ஒடுங்கி ஆழமில்லாத வெதுவெதுப்பான நீராகக் கிடந்தது. உணவு ஏராளம், கடற்கரை நீளம். பெரிய கடல் ஊர்வன எல்லாம் டைனோசரோடு சேர்ந்து போய்விட்டன, இடம் காலி. சும்மா ஒன்றும் இல்லை, அதே கட்ச்சில் பானந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் 2024இல் வாசுகி என்று ஒரு பாம்புக்குப் பெயர் வைத்தார்கள், 4 கோடியே 70 லட்சம் ஆண்டு, 11 முதல் 15 மீட்டர் நீளம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நடக்கும் திமிங்கலங்கள் வாழ்ந்த கரைக்குப் பின்னால் சதுப்பில் அதுவும் இருந்தது.

இன்னும் ஒரு ஆதாரம், இதற்குப் பாறையே வேண்டாம். ஓங்கலின் கரு தாயின் வயிற்றில் சில வாரமே ஆகியிருக்கும்போது பின்னங்கால் மொட்டு இரண்டு முளைக்கிறது, பிறகு வளர்ச்சி நின்று கரைந்துவிடுகிறது. 2006இல் ஜப்பானின் தாய்ஜி அருகே ஒரு ஓங்கல் பிடிபட்டது, வயிற்றின் பின்புறம் இரண்டு கூடுதல் துடுப்போடு.

ஆவுளியா சொந்தம் இல்லை. அதற்கு நெருக்கம் யானை. அதுவும் தரையிலிருந்துதான் போனது, தனியாகப் போனது. ஜமைக்காவில் நாலு காலோடு நடக்கக்கூடிய பழைய கடல்பசு கிடைத்து 2001இல் வெளியிட்டார்கள். இரண்டு வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே கடலுக்குப் பிழைக்கப் போன மாதிரி. பாக் விரிகுடாவில் 2022இல் கடல்பசுவுக்கென்று காப்பகம் அறிவித்திருக்கிறார்கள், உங்கள் உறவுக்காரர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வேல்முருகன்84

படிகள் கேட்டேன், கொடுத்துவிட்டீர்கள். எனக்குப் பிடித்தது, ஒரே எலும்பை வைத்து எல்லாம் சொல்லவில்லை என்பது. காது, கணுக்கால், பல்லின் வேதியியல், மரபணு, கரு, ஐந்தும் தனித்தனிப் பாதையில் வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. இயந்திரத்தில் பழுது பார்க்கும்போது நாங்களும் அப்படித்தான், இரண்டு அளவீடு ஒத்துப்போனால்தான் கை வைப்போம். படம் வரைபவர்கள் மேல் உள்ள கோபம் மட்டும் தீரவில்லை. எலும்பு கிடைத்த பகுதியை ஒரு நிறத்திலும் ஊகத்தை வேறு நிறத்திலும் வரைந்தால் என்ன?

முத்துலெட்சுமி டீச்சர்

ஆய்வுக் கட்டுரைகளில் அப்படித்தான் வரைகிறார்கள் தம்பி, கிடைத்த எலும்புக்கு மட்டும் நிறம் போட்டு. பாடப் புத்தகத்துக்கு வரும்போதுதான் அது காணாமல் போகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு.

மணப்பாட்டுத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். மகளைக் கறிக்கடைக்குக் கூட்டிப் போங்கள். வெள்ளாட்டின் பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக முட்டிக்கொண்டு நிற்கிற மடிப்பு இருக்கிறது அல்லவா, அதுதான் கணுக்கால். அதை வெட்டாமல் முழுதாக வாங்கி வேகவைத்துச் சதையை எடுத்தால், புளியங்கொட்டையைவிடப் பெரிதாக, கட்டை விரல் அளவில் ஒரு எலும்பு தனியாகக் கழன்று வரும். முன்னங்காலில் தேடாதீர்கள், கிடைக்காது. பலுசிஸ்தானில் கிடைத்தது அதன் பெரிய வடிவம்தான். நான் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன், வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

செந்தூரன்

டீச்சர், இது அருமையான யோசனை. நாளைக்கே நானும் தேடப் போகிறேன்.

மணப்பாட்டுக்காரன்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். முதல் தடவை கடைக்காரர் அவசரத்தில் முன்னங்காலைக் கட்டிக் கொடுத்துவிட்டார், வீட்டுக்கு வந்து தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்று மறுபடி போனோம். மகளே கடைக்காரரிடம் இடத்தைக் காட்டி "இந்த மடிப்ப வெட்டாதீங்க மாமா, இதுக்குள்ள இருக்கறது திமிங்கலத்துக்கும் இருந்துச்சு" என்றாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார், பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள்.

எலும்பு கிடைத்தது. டீச்சர் சொன்னபடியே இரண்டு பக்கமும் கப்பி. எங்கள் படகில் கயிறு ஓடுகிற கப்பியின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தோம், அதே வளைவு. கழுவிக் காயவைத்து ஜன்னலில் வைத்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே 2016இல் அவை கிடந்த கரை தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடல் தணிந்திருந்தால் ஓங்கல் பார்க்கப் படகில் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறாள், வால் எப்படி அடிக்கிறது என்று அவளே எண்ண வேண்டுமாம்.